அம்மா விட்ட இடம்

1/
இன்னைக்கு சுகரும் இல்லை, பிபியும் இல்லை நண்பர்களே. எங்க வீட்டு அலமாரி மேல ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு பழைய லேப்டாப்பைப் பத்திப் பேசப் போறேன். அதுக்குள்ள ஒரு நூலகம் இருக்கு. அதை ஏன் வச்சேன், எப்படி வச்சேன், எங்கெல்லாம் சறுக்கினேன்னு சொல்றேன். கடைசியில கண் மருத்துவம் கொஞ்சம் வரும். அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

2/
அம்மாவுக்கு 71 வயது. அருப்புக்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் டாக்டர்தான். ஆனாலும் விழித்திரைப் பரிசோதனையை "அடுத்த மாசம் போவோம்" என்று தள்ளிக்கொண்டே போனோம். கடைசியில் ஒருநாள் அம்மா சொன்னார்: "தம்பி, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா." மதுரைக்கு ஓடினோம். விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தது.

3/
கண்ணுக்குள் ஊசி போட்டு, பார்வை இப்போது ஒரு நிலையில் நிற்கிறது. நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அச்சுப் புத்தகம்தான் முடியவில்லை. எழுத்து பெரிதாக, தடிமனாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு இருந்தால் 20 நிமிடம் படிப்பார். அதற்கு மேல் கண் அசந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் படித்த மனுஷிக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம்.

4/
காலையில் அவரே ஈ-ரீடரில் படிப்பார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் டேப்லெட்டில் அதே புத்தகத்தைத் திறந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டுவாள். காலையில் அம்மா விட்ட இடத்தில் பாப்பா தொடங்கணும். பாப்பா விட்ட இடத்தில் மறுநாள் அம்மா தொடங்கணும். கேட்க சின்ன விஷயம்தான். விட்ட இடத்தைத் தேடுறதிலேயே அந்த 20 நிமிடத்தில் எட்டு நிமிடம் போனா எப்படி இருக்கும்?

5/
முதலில் ஒரு கடையில் காசு கொடுத்து மின்னூல்கள் வாங்கினோம். படித்த இடத்தை எல்லாக் கருவியிலும் அதுவே சரிபண்ணிக்கொள்ளும். நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. அம்மா பிடித்த வரிகளுக்குக் கோடு போட்டு, குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பிறகு என் பழைய போன் நம்பர் போச்சு. சரிபார்ப்பு எண் அந்த நம்பருக்கே போய்க்கொண்டிருந்தது. கணக்கு பூட்டிக்கொண்டது. எத்தனையோ மெயில் போட்டும் திறக்கவில்லை.

6/
புத்தகத்தை மறுபடி வாங்கிடலாம். அம்மா போட்ட கோடுகளை எங்கே போய் வாங்குறது?

"காசு கொடுத்து வாங்கினேன்னு சொன்னியேப்பா, அப்புறம் எப்படி நம்மகிட்ட இல்லாமப் போகும்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நாம வாங்கினது புத்தகத்தை இல்லை, படிக்கிற அனுமதியை. அனுமதின்னா கொடுத்தவங்க எடுத்துக்கவும் செய்யலாம்.

7/
இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஊரறிந்த மூன்று செய்திகள், மூன்றுக்கும் வேறு வேறு காரணங்கள்:

2009 ஜூலையில் விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாசகர்களின் கிண்டில்களுக்குள் இருந்தே சில பிரதிகளை அமேசான் நீக்கியது. அவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள்.

2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போய்விட்டன.

2025 பிப்ரவரி 26ல் இருந்து, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதி நிறுத்தப்பட்டது.

8/
விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை வரும் வழியில் பாலவநத்தம் என்று ஒரு ஊர். பஸ்ஸில் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். அந்த ஊர் ஜமீன்தார்தான் பாண்டித்துரைத் தேவர். மதுரைக்குச் சொற்பொழிவாற்றப் போன இடத்தில் திருக்குறள் பிரதி ஒன்று தேடிக் கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் சங்கம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1901ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அதோடு ஒரு புத்தகசாலை, ஓர் அச்சகம், 'செந்தமிழ்' என்ற இதழ்.

9/
அம்மா தன் வகுப்புகளில் வருஷா வருஷம் சொன்ன கதை இது. கணக்கு பூட்டிக்கொண்ட அன்று எனக்கும் சொன்னார். "புஸ்தகம் உலகத்துல எங்கயோ இருக்குங்கறது வேற. கை நீட்டினா எடுக்கலாம்ங்கறது வேற. அவர் ஜமீன்தாரு, சங்கம் வச்சாரு. நீ டாக்டர்தானே, ஒரு அலமாரியாச்சும் வையேன்."

வச்சாச்சு.

10/
முதல் கேள்வி: என்ன புத்தகம்? டெலிகிராமில் சுத்துற திருட்டு பிடிஎஃப் வேண்டாம். உயிரோட இருக்கிற எழுத்தாளர் வயிற்றில் அடிக்கிற வேலை அது. நேர்மையாகக் கிடைப்பதே ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்தில் இருந்து தன்னார்வலர்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே பொது உரிமத்தில் கொடுத்த நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் நூல் பொதுச்சொத்து. 1954ல் மறைந்த கல்கி அதில் வந்துவிடுவார். இதுபோக, பூட்டு இல்லாமல் விற்கிற பதிப்பாளர்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள்.

11/
இரண்டாவது, அடுக்கி வைக்க ஓர் ஆள். அதற்குக் காலிபர் என்ற இலவச மென்பொருள். எழுதியவர் கோவிட் கோயல் என்ற இந்தியர். பேரைப் பார்த்து மாஸ்க் தேடாதீங்க, கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடியே வந்தவர் அவர். 2006ல் சோனி ஒரு மின்னூல் கருவியை விட்டது. லினக்ஸ் கணினியில் அது வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த இவர் தன் தேவைக்கு ஒரு நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து 2008ல் காலிபர் என்று பெயர் மாறியது. இன்றைக்கு உலகம் முழுக்கத் தனி ஆட்கள் வைத்திருக்கும் மின்னூலகங்களுக்கு அதுதான் அச்சாணி.

12/
ஆனா காலிபருக்குத் தமிழ்ப் பேர் புரியாது. ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதை முன்னால் தள்ளி அகரவரிசைப்படுத்தும். சுந்தர ராமசாமியை 'ரா'வில் தேடணும். பாண்டித்துரைத் தேவரை 'தே'வில் தேடணும், அதாவது ஆளை விட்டுட்டு சாதியை வைத்து அடுக்கிவிடும். அமைப்பில் போய் "பெயரை இருப்பது போலவே எடுத்துக்கொள்" என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்து, உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், உ.வே.சாமிநாதையர் மூன்றும் அதுக்கு மூன்று ஆட்கள். எங்க ஆஸ்பத்திரியில் ஒரே முருகனுக்கு நாலு ஓபி சீட்டு இருக்கிற கதைதான். முதல் நாளே ஒரு வழக்கத்தை முடிவு பண்ணி எழுதி வச்சுக்கோங்க. 300 புத்தகம் சேர்ந்த பிறகு திருத்த உட்கார்ந்து நான் பட்ட பாடு போதும்.

13/
மூன்றாவது, என்ன வடிவம். கண் மங்கியவருக்கு இதுதான் உயிர். பிடிஎஃப் என்பது பக்கத்தின் போட்டோ மாதிரி. எழுத்தைப் பெரிசாக்கினால் வரி திரையை விட்டு வெளியே ஓடும், வரிக்கு வரி இழுத்து இழுத்துப் படிக்கணும். ஈபப் அப்படி இல்லை, தண்ணி மாதிரி. எழுத்து எவ்வளவு பெரிசானாலும் திரை அகலத்துக்குள் மடங்கி நிற்கும். அதனால் ஈபப் கிடைத்தால் ஈபப்தான். ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை நாங்கள் சாயங்கால வாசிப்புக்கு ஒதுக்கிவிட்டோம். பாப்பா கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

14/
நான்காவது, படிக்கிற செயலி. கோரீடர். இதுவும் இலவசம். தம்பி வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்த கோபோ ஈ-ரீடரிலும் ஓடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். நோட்டோ தமிழ் எழுத்துருவை அதன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டேன். கொம்பும் காலும் பிரியாமல் எழுத்து அழகா வந்தது. எழுத்தின் தடிமனைக் கூட்டுகிற வசதி தனியாக இருக்கிறது. அம்மாவுக்கு அளவை விட அந்தத் தடிமன்தான் அதிகம் உதவியது.

15/
இப்போ முக்கியமான விஷயம். இரண்டு கருவியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? பக்க எண்ணை வைத்து முடியாது. அம்மா கருவியில் எழுத்து பெரிது, 300ஆம் பக்கம் என்று காட்டும். அதே வரி பாப்பா டேப்லெட்டில் 90ஆம் பக்கம். அதனால் கோரீடர் பக்கத்தைப் பார்க்காது. புத்தகத்துக்குள் எத்தனையாவது அத்தியாயம், எத்தனையாவது பத்தி என்ற முகவரியைக் குறித்துச் சர்வருக்கு அனுப்பும். வார்டில் நோயாளியைக் கட்டில் நம்பர் வைத்துத் தேடாதே, ஐபி நம்பர் வைத்துத் தேடு என்று ஜூனியர்களுக்குச் சொல்லுவோமே, அதே சங்கதி.

16/
இதில் ஒரு பள்ளம் இருக்கு. நான் அதில் ஒரு வாரம் கிடந்தேன். இரண்டு கருவியிலும் ஒரே நாவல், ஒரே அட்டை, ஆனா இடம் மட்டும் ஒத்துப்போகலை. காரணம்: கோரீடர் புத்தகத்தைப் பேர் வைத்து அடையாளம் காண்பதில்லை, கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து ஒரு கைரேகை எடுக்கிறது. நான் அம்மாவுக்கு ஏற்றிய பிறகு காலிபரில் ஆசிரியர் பெயரைத் திருத்தி, அப்புறம் பாப்பாவுக்கு இறக்கினேன். கோப்பு மாறிவிட்டது, கைரேகையும் மாறிவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை அது வேறு புத்தகம்.

விதி: திருத்தமெல்லாம் முதலில், இறக்குவது கடைசியில், எல்லாக் கருவிக்கும் ஒரே பிரதி. முடியாவிட்டால் கோரீடரில் கோப்புப் பெயரை வைத்துப் பொருத்தச் சொல்லவும் வழி இருக்கிறது.

17/
அடுத்த சறுக்கல் முழுக்க என் தப்பு. திருச்சுழி பக்கம் எனக்கு இரவுப் பணி. ஒரு ராத்திரி கேஸ் ஒன்றும் இல்லை. போனில் அம்மா படித்துக்கொண்டிருந்த 'சிவகாமியின் சபத'த்தையே திறந்தேன். மூவரும் ஒரே பயனர் பெயரில் இருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. விடிய விடிய மூன்றாம் பாகம் வரை போய்விட்டேன். மறுநாள் டேப்லெட் "புதிய இடத்துக்குப் போகவா?" என்று கேட்க, பாப்பா சரி என்று தட்டிவிட்டாள். அங்கே கொஞ்சம் வாசித்தும் விட்டாள். காலையில் அம்மா கருவியும் அதே இடத்துக்குத் தாவியது.

18/
"முடிவு தெரிஞ்சு போச்சாம்மா? மன்னிச்சிரும்மா" என்றேன்.

"இதை நான் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே படிச்சவப்பா. முடிவு தெரிஞ்சதுல எனக்கு என்ன? நான் விட்ட இடம் போச்சே."

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு காலைகள் ஆயின. 20, 20, நாற்பது நிமிடம். அன்றே எனக்குத் தனிக் கணக்கு போட்டேன். அம்மாவும் பாப்பாவும் சேர்ந்து படிப்பது ஒரே வாசிப்பு, அதற்கு ஒரு கணக்கு. என் வாசிப்பு வேறு, அதற்கு வேறு கணக்கு.

19/
வீட்டுச் சர்வரை திருச்சுழியில் இருந்து எப்படித் தொடுவது? ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடாதீர்கள். காலிபர் சர்வர் நாமாகப் போடாத வரை கடவுச்சொல்லே கேட்காது. நம் ஊர் இணைய இணைப்புகள் பலவற்றில் தனி முகவரியும் கிடைக்காது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றை நம் கருவிகளில் மட்டும் போட்டால், அவற்றுக்குள் ஒரு தனிச் சந்து உண்டாகும். வெளியாளுக்கு அப்படி ஒரு சந்து இருப்பதே தெரியாது.

20/
சர்வருக்கு முதலில் வைத்தது கைக்குள் அடங்கும் ராஸ்ப்பெரி பை. மின்சாரம் கொஞ்சம், சத்தம் இல்லை. ஆனால் எங்க ஊரில் கோடை மழை வருகிறதோ இல்லையோ, காற்று அடித்த உடனே கரண்ட் போகும். அப்படி ஒரு சித்திரை மாதம் பட்டென்று போய், வந்து, மறுபடி போனது. மெமரி கார்டு செத்தது. பரவாயில்லை, பென் டிரைவில் தினமும் நகல் போகிறதே என்று எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதமாகப் போகவே இல்லை. பென் டிரைவ் நிறைந்து போயிருந்தது. நான் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை.

21/
ஒரு ஆச்சரியம். சர்வர் செத்து நாலு நாள் ஆனது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அவர் கருவியில் புத்தகங்கள் எல்லாம் முழுசாக இருந்தன. காலையில் எப்போதும் போலத் திறந்தார், படித்தார், மூடினார். கோரீடரில் கோடுகளும் குறிப்புகளும் சர்வருக்குப் போவதில்லை, புத்தகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கும். முன்பு அதைக் குறை என்று நினைத்தேன். அந்த வாரம் அதுதான் காப்பாற்றியது. அம்மா கருவியைக் கேபிளில் சொருகி, அதில் இருந்துதான் நூலகத்தை மீட்டேன். டாக்டர் வைத்த சர்வர் போச்சு, நோயாளி கையில் இருந்த பழைய சீட்டு உதவிச்சு.

22/
ஒரே இடத்தில் இருப்பது இருப்பே இல்லை. தமிழர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. பிற்பாடு 2005ல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்க்கத் தொடங்கியது நூலகம் திட்டம். என் மெமரி கார்டை அதோடு ஒப்பிடவில்லை. பிரதி ஏன் பல இடத்தில் இருக்கணும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது, அவ்வளவுதான்.

23/
இப்போதைய ஏற்பாடு:
→ சர்வர் ஒரு பழைய லேப்டாப். அதன் பேட்டரியே யுபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முழுநாள் நீண்டால் தானாக அணையும்படி வைத்திருக்கிறேன். 15 வாட் என்று வைத்தால் மாதம் 11 யூனிட்டுக்குள்.
→ பேட்டரியை 100 சதவீதம் ஏற்றி வைக்காதீர்கள், 60 முதல் 80 வரை போதும். எங்க வெயிலுக்கு உப்பிவிடும். உப்பினால் அன்றே கழற்றுங்கள்.
→ மூன்று பிரதி: லேப்டாப், தனி ஹார்டு டிஸ்க், மதுரையில் தம்பி வீடு. நகல் எடுக்கும்போது காலிபரை மூடிவிடுங்கள்.
→ அம்மா கருவியில் உள்ள கோடுகளும் அதோடு சேர்த்து.
→ மாதத்தின் முதல் ஞாயிறு, நகலில் இருந்து ஏதாவது ஒரு புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத நகல், ரிசல்ட் வாங்காத ரத்தப் பரிசோதனை மாதிரி. எடுத்தோம் என்ற திருப்தி மட்டும்தான்.

24/
இன்னொன்று. எனக்கு ஏதாவது ஆனால்? ஒரு ராத்திரி இந்தக் கேள்வி வந்தது. திருச்சுழி ரோட்டில் இரவில் பைக்கில் வருகிறவனுக்கு வரவேண்டிய கேள்விதான். ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். எந்த ஒயர் எதற்கு, கடவுச்சொல் எங்கே, எல்லாம் நின்றுபோனால் என்ன செய்வது. கடைசி வரி: "ஒன்றும் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அப்பத்தா கருவியில் புத்தகம் இருக்கிறது." பாப்பா படித்துவிட்டு, இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்திவிட்டாள். தமிழாசிரியை பேத்தி.

25/
இப்போ கண். தாண்டாதீங்கன்னு சொன்னேனே.
→ சர்க்கரை இருக்கா? பார்வை நல்லா இருந்தாலும் வருஷம் ஒரு முறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கணும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறது இந்தப் பரிசோதனை ஆகாது.
→ சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கணும். இரண்டும் விழித்திரையைத் தாக்கும்.
→ நேர்க்கோடு வளைந்து தெரிஞ்சாலோ, திடீர்னு கரும்புள்ளிகள் பறந்தாலோ, திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ காத்திருக்க வேண்டாம். அன்னைக்கே கண் மருத்துவரைப் பாருங்க.
→ "ஸ்க்ரீன்ல படிச்சுத்தான் விழித்திரை போச்சா டாக்டர்?" இல்லை. கண் சிமிட்டுறது குறையுறதால கண் உலரும், அசதி வரும். விழித்திரையைக் கெடுத்தது சர்க்கரை.

அந்த "அடுத்த மாசம்" மட்டும் நான் சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்கு அம்மாவுக்கு 20 நிமிஷத்துக்குப் பதில் எவ்வளவு கிடைச்சிருக்குமோ. அதுக்கு நகல் எங்கேயும் இல்லை.

26/
அம்மா இப்போது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படிக்கிறார். ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடி அலைந்தவரின் கதை. முடிவதற்குள் அவர் மறைந்துவிட்டதால் பாதியில் நிற்கும் புத்தகம். "முடிக்காத புஸ்தகத்தை முடிக்க என்ன அவசரம்" என்கிறார் அம்மா.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பணி அறையில் மணி ஆறே முக்கால். சர்வரைத் திறந்து பார்த்தேன். சாயங்காலம் பாப்பா வாசித்து முடித்த இடம் 31 சதவீதம். நாளைக் காலையில் அம்மா கருவி அங்கேதான் திறக்கும்.

காலிபர், கோரீடர் பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டில் சர்க்கரை இருக்கிறவரின் கண் பரிசோதனைச் சீட்டில் கடைசித் தேதி என்ன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.